100 மி.லி.யா 100 கிராமா: தைலம் வாங்கும்போது எது லாபம்?

கேள்வி (பிப்ரவரி 4, 2024)

நீலகிரித் தைலம் ஒரு கடையில 100 மி.லி. 240 ரூபாய். இன்னொரு கடையில 100 கிராம் 250 ரூபாய். ரெண்டும் ஒரே அளவுதானே, அப்புறம் ஏன் 10 ரூபாய் கூட? சோப்பு, வலி பாம் செய்யறவங்க யாராவது சொல்லுங்க.

பிப்ரவரி 4, இரவு

நான் வீட்டுல சோப்பும் வலி பாமும் செஞ்சு விக்கிறேன், கோயம்புத்தூர். ஆறு வருஷமா தைலம் வாங்குறேன், அதனால சொல்றேன். ரெண்டும் ஒரே அளவு இல்ல. மி.லி. இடத்தோட கணக்கு, கிராம் கனத்தோட கணக்கு. ரெண்டும் ஒண்ணா இருக்கறது தண்ணிக்கு மட்டும்தான். நீலகிரித் தைலம் தண்ணியை விட லேசு, ஒரு மி.லி. சுமார் 0.91 கிராம். அதனால 100 கிராம் வாங்கினா 91 மி.லி.தான் கிடைக்கும். மி.லி. கடையிலயே வாங்குங்க, அதுதான் லாபம்.

பிப்ரவரி 5, காலை

மேல எழுதினதை யாரும் நம்பாதீங்க. தலைகீழா எழுதிட்டேன். ராத்திரி பதினொன்றரைக்குத் தூக்கக் கலக்கத்துல கணக்குப் போட்டா இப்படித்தான். கீழ ஒரு தம்பி "அக்கா, லேசான பொருள்னா 100 கிராமுக்கு இடம் ஜாஸ்தி வேணுமே, பஞ்சு மூட்டை மாதிரி"ன்னு கேட்டிருந்தார். சரியான கேள்வி.

திருத்தம்: 100 மி.லி. நீலகிரித் தைலம் 91 கிராம். 100 கிராம்னா 110 மி.லி. கிராமை 0.91 ஆல வகுக்கணும், நான் பெருக்கிட்டேன். 250 ரூபாய்க்கு 110 மி.லி. வந்தா, 100 மி.லி.க்கு 227 ரூபாய் சொச்சம். ஆக கிராம் கடைதான் மலிவு, 10 ரூபாய் கூட இருந்தும்.

கேட்டவர் ராத்திரியே போய் 240 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தா மன்னிச்சுக்கங்க.

பிப்ரவரி 5, மாலை

"அப்ப எப்பவும் கிராம்ல வாங்கினா லாபமா?" ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. ஆமா.

பிப்ரவரி 6

இல்ல. அவசரப்பட்டு ஆமான்னுட்டேன்.

பெரும்பாலான தைலம் தண்ணியை விட லேசு. ஒரு மி.லி. ஆரஞ்சு 0.84 கிராம், எலுமிச்சை 0.85, லாவெண்டர் 0.88, லெமன்கிராஸ் 0.89 கிட்ட, புதினா 0.90. இதெல்லாம் கிராம்ல வாங்கினா பாட்டில் நிறைய வரும். ஆனா கிராம்புத் தைலம் 1.05. வலி பாம்ல போடற விண்டர்கிரீன் தைலம் 1.18. இது ரெண்டும் தண்ணியில மூழ்கும். 100 கிராம் கிராம்புத் தைலம்னா 95 மி.லி.தான். விண்டர்கிரீன் ஒரு கிலோ வாங்கினா 847 மி.லி.

இதை மறந்ததுக்கு எனக்கு மன்னிப்பே கிடையாது, ஏன்னா இதே விண்டர்கிரீன்லதான் நான் ஒரு தடவை கடையில சண்டை போட்டிருக்கேன். அந்தக் கதையை நாளைக்கு எழுதறேன், இன்னைக்கு ஒரு ஆர்டர் அனுப்பணும்.

பிப்ரவரி 8

நாளைக்குன்னு சொன்னேன், ரெண்டு நாள் ஆயிடுச்சு.

முதல் சண்டை நீலகிரித் தைலத்துல. பாம் செய்ய ஆரம்பிச்ச புதுசு. கடையில 100 மி.லி. வாங்கிட்டு வந்து, கிச்சன் தராசுல காலி கிண்ணத்தை வெச்சு பூஜ்யம் பண்ணி ஊத்தினேன். 91 கிராம். எனக்கு ரத்தம் கொதிச்சுது. 9 கிராம் அடிச்சுட்டாங்கன்னு கிண்ணத்தோட கடைக்குப் போனேன். வண்டியில போகும்போதே பாதி வாசனையாப் போயிருக்கும். கடைக்காரர் பெரியவர், பொறுமையா ஒரு அளவு ஜாடியை எடுத்து அதுல ஊத்திக் காட்டினார். 100-க்கு ஒரு கோடு கீழ. "அம்மணி, நீங்க தராசுல நிறுத்தீங்க, நான் ஜாடியில அளந்தேன். ரெண்டு பேர் மேலயும் தப்பில்லைங்க"ன்னார்.

ரெண்டாவது சண்டை அதே கடையில, நாலு மாசம் கழிச்சு. 250 கிராம் விண்டர்கிரீன் கேட்டேன். அவர் 250 மி.லி. பாட்டில்ல போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பார்த்தா தோள் வரைக்கும் கூட வரல, மேல நல்ல இடைவெளி. 212 மி.லி.தான் இருந்துச்சு. அப்ப எனக்கு எடைக்கும் அளவுக்கும் வித்தியாசம் தெரியும்னு நெனப்பு வேற, ஆனா "தைலம்னா லேசு"ன்னு மட்டும்தான் மண்டையில ஏறியிருந்துச்சு. லேசான பொருள் 250 கிராம்னா பாட்டில் வழியணுமேன்னு திரும்பவும் போய் நின்னேன். அவர் ஒண்ணுமே பேசல. ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு சொட்டு விட்டார். அடியில போய் உருண்டையா உக்காந்துச்சு.

ஒரு தடவை எடை குறைஞ்சதுக்கு, ஒரு தடவை அளவு குறைஞ்சதுக்கு. ரெண்டு தடவையும் கடைக்காரர் சரி.

பிப்ரவரி 9

செக்கு எண்ணெய்க் கடையில முதல் கேள்வியே "கிலோவா லிட்டரா"ன்னுதான். அங்க நமக்குக் குழப்பமே வரதில்ல. ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் சொச்சம்னு எங்க அத்தைக்கே தெரியும், அவங்க ஸ்கூலுக்குப் போனது அஞ்சாவது வரைக்கும். அதே கணக்குதான் தைலத்துக்கும். சின்ன பாட்டில், அழகான லேபிள்னு வந்ததும் நம்ம மூளை வேலை செய்யறதில்ல.

2022-இல சமையல் எண்ணெய்ல ஒரு விஷயம் நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? சில கம்பெனிங்க பாக்கெட்ல "60 டிகிரியில 1 லிட்டர்"னு போட்டாங்க. எண்ணெய் சூடானா விரியும். 60 டிகிரியில ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 893 கிராம் கிட்ட, 21 டிகிரியில 919 கிராம். அதாவது சூட்டுல லிட்டர் கணக்கு காட்டினா கம்பெனிக்கு 26 கிராம் மிச்சம். ஆகஸ்ட் மாசம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, வெப்பநிலையைப் போடாதீங்க, எடையையும் சேர்த்துப் போடுங்கன்னு சொல்லிடுச்சு. 2023 ஜனவரி 15 வரை கெடு. 60 டிகிரியில எந்த வீட்டு அலமாரி இருக்கு, சொல்லுங்க. அதுல தாளிக்கவே ஆரம்பிச்சிடலாம்.

பிப்ரவரி 9, கொஞ்ச நேரம் கழிச்சு

சூடுன்னதும் ஞாபகம் வந்தது. குன்னூர்ப் பக்கம் தைலம் காய்ச்சுற ஒருத்தர்கிட்ட நேரா வாங்கப் போயிருந்தேன். கற்பூர மரத்து இலையை (யூகலிப்டஸைத்தான் அங்க அப்படிச் சொல்வாங்க) பெரிய அண்டாவுல அடைச்சு, கீழ விறகு எரியுது. ஆவி ஒரு குழாய்ல வந்து தண்ணித் தொட்டி வழியாப் போய்க் குளிர்ந்து, ஒரு டின்ல சொட்டுது. டின்ல கீழ தண்ணி, மேல மஞ்சள் கலந்த மெல்லிசா ஒரு படலம். அதை வழிச்சு எடுக்கிறார். அந்தப் படலம்தான் தைலம்.

லிட்டர் என்ன விலைங்கண்ணான்னு கேட்டேன். "கிலோ கணக்குதானுங்க"ன்னார். ஏன்னு கேட்டதுக்கு, "காலையில பனியில அளந்தா ஒரு கணக்கு, மத்தியானம் வெயில்ல அளந்தா ஒரு கணக்கு வருமுங்க. தராசுக்கு வெயில் தெரியாது"ன்னார்.

எனக்கு அன்னைக்குத்தான் விளங்குச்சு. தைலம் பத்து டிகிரி சூடேறினா ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மியா விரியுது. அவர் ஊர் 12 டிகிரிக்கும் நம்ம ஊர் 36 டிகிரிக்கும் நடுவுல ரெண்டு சதவீதம். நான் வாங்கின அஞ்சு கிலோவுல அது 100 மி.லி.க்கு மேல. சின்ன பாட்டில்ல கண்ணுக்குத் தெரியாது, கேன்ல தெரியும்.

மொத்த வியாபாரம் எல்லாமே இப்படித்தான் எடையில நடக்குது. எம்.சி.எக்ஸ்.ங்கற சரக்குச் சந்தையில மெந்தா எண்ணெய் (ஒரு வகைப் புதினாத் தைலம்) விலை கிலோவுக்குத்தான் சொல்வாங்க. டிரம்மு 180 கிலோ. ஏன் 200 இல்லாம 180-ன்னு ரொம்ப நாள் எனக்குப் புரியல. 180-ஐ 0.90 ஆல வகுத்துப் பாருங்க. சரியா 200 லிட்டர்.

பிப்ரவரி 12

தனியா ஒருத்தர் கேட்டிருக்கார், "0.91, 0.89-னு சொல்றீங்களே, அது எங்க இருந்து வருது?"

விக்கிறவங்ககிட்ட சி.ஓ.ஏ. (பரிசோதனைச் சான்று) கேளுங்க, அந்தத் தாள்ல ஒப்படர்த்தின்னு ஒரு வரி இருக்கும், தண்ணியோட ஒப்பிட்டா எவ்வளவு கனம்ங்கற எண். பக்கத்துலயே வெப்பநிலையும் இருக்கும், சில தாள்ல 20, சில தாள்ல 25, சில தாள்ல 27. தாள் கிடைக்கலைன்னா வீட்டுலயே பார்க்கலாம். நான் செய்யற விதம்: ஒரு கண்ணாடி பாட்டில், காலியா 52 கிராம். தண்ணியை ஒரு கோடு வரைக்கும் ஊத்தினா 152. ஆக அந்தக் கோடு 100 மி.லி. நல்லாக் காயவெச்சுட்டு அதே கோடு வரைக்கும் தைலம் ஊத்தினேன், 143.1. பாட்டில் எடையைக் கழிச்சா 91.1. அடர்த்தி 0.911. அவ்வளவுதான், கணக்கு டீச்சர் வேண்டாம்.

கோடு போடும்போது கண்ணைக் கோட்டுக்கு நேரா வைங்க. மேல இருந்து குனிஞ்சு பார்த்தா ரெண்டு மி.லி. தப்பு வருது, எனக்கு வந்திருக்கு.

பிப்ரவரி 12, பின்குறிப்பு

கண்ணாடி பாட்டில்னு எழுதினேனே, ஏன்னு சொல்லல. ஆரஞ்சு தைலத்தை ஒரு யூஸ் அண்ட் த்ரோ கப்ல நிறுத்தேன். 40 கிராம் ஊத்தி வெச்சுட்டு போன் வந்ததுன்னு போனேன். திரும்பி வந்து கப்பைத் தூக்கினா மேல்பாதி மட்டும் கையோட வருது. அடிப்பாகம் பபிள்கம் மாதிரி இளகி தராசுல ஒட்டியிருக்கு. 40 கிராம் ஆரஞ்சும் தராசுக்குள்ள. ஒரு வாரம் அந்தத் தராசுல பருப்பு நிறுத்தாலும் வீடெல்லாம் கமலா ஆரஞ்சு வாசனை. அது காட்டுற எடையைக்கூட நம்ப முடியல, தூக்கிப் போட்டுட்டு நகைத் தராசு வாங்கினேன்.

பிப்ரவரி 15

அடர்த்தியை வெச்சுக் கலப்படம் கண்டுபிடிக்கலாமான்னு கேள்வி. நானும் அப்படி நெனச்சவதான். ஊட்டியில சுற்றுலாக் கடையில வாங்கின ஒரு பாட்டில் எனக்கு 0.87 காட்டுச்சு. நீலகிரித் தைலம் 0.905-க்குக் கீழ இறங்கக்கூடாது. டர்பன்டைன் 0.86 கிட்ட. ஆக டர்பன்டைன் கலந்துட்டான்னு முடிவு பண்ணி இதே இடத்துல நீளமா ஒரு புலம்பல் எழுதினேன், பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

பிறகு ஒருநாள் அந்த பாட்டிலை மோந்து பார்த்தா எலுமிச்சை வாசம் தூக்குது. அது வேற யூகலிப்டஸ், சிட்ரியோடோரான்னு சொல்ற வகை. அதோட அடர்த்தியே 0.87 கிட்டதான். லேபிள்ல சின்ன எழுத்துல போட்டிருந்தான். கலப்படம் இல்ல, என் கண்ணுதான் கோளாறு.

எதிர்ப்பக்கமும் இருக்கு. சந்தனத் தைலம் 0.97-0.98. அதுல விளக்கெண்ணெயைக் கலந்தா? விளக்கெண்ணெய் 0.96. தராசு வாயே திறக்காது. அதனால அடர்த்தி தப்பா இருந்தா ஏன்னு கேளுங்க. சரியா இருக்குங்கறதுக்காகச் சந்தோஷப்படாதீங்க.

பிப்ரவரி 16

சந்தனம்னு வாயெடுத்தேன், அத்தர் வாங்குறவங்க "தோலா என்ன கணக்கு"ன்னு வந்துட்டாங்க. தோலா எடைதான், 11.66 கிராம். ஆனா திருவல்லிக்கேணியில அத்தர் கடையில ஒரு தோலா கேட்டா 12 மி.லி. பாட்டில்தான் தருவாங்க, அரை தோலா 6, கால் தோலா 3. எடையாப் பிறந்த சொல் பாட்டில் அளவா மாறிப்போச்சு. நகைக்கடையில தோலான்னா பத்து கிராம்னு வேற பேசுறாங்க. கேட்டுட்டு வாங்குங்க.

அவுன்ஸும் அப்படித்தான். நாத்தனார் அமெரிக்காவுல இருந்து ஒரு பாட்டில் கொண்டு வந்தா, 1 அவுன்ஸ்னு போட்டிருந்துச்சு. அது திரவ அவுன்ஸ், 29.57 மி.லி. பிரிட்டன் திரவ அவுன்ஸ் 28.41 மி.லி. எடை அவுன்ஸ் 28.35 கிராம். மூணுக்கும் ஒரே பேர் வெச்சவங்களைப் பிடிச்சு விசாரிக்கணும்.

எங்க அப்பா காலத்து ஆஸ்பத்திரியில அவுன்ஸ் கிளாஸ் உண்டு. காம்பவுண்டர் மிக்சர் பாட்டில் பக்கவாட்டுல பேப்பரைப் பல்லுப் பல்லா வெட்டி ஒட்டித் தருவார், ஒரு பல் ஒரு வேளைக்கு. அவுன்ஸும் வேண்டாம் மி.லி.யும் வேண்டாம். அதை விடத் தெளிவான அளவு நான் பார்த்ததில்ல.

பிப்ரவரி 20

சொட்டுக் கணக்கு. "20 சொட்டு ஒரு மி.லி." எல்லாரும் எழுதறாங்க, நானும் என் பழைய பாம் குறிப்புல அப்படித்தான் எழுதியிருக்கேன். நேத்து நகைத் தராசுல உக்காந்து எண்ணினேன். நீலகிரித் தைலம், ஒரு கிராம் வர 33 சொட்டு. அதாவது ஒரு மி.லி.க்கு 30. அதே தைலத்தை வேற பாட்டில்ல மாத்தி எண்ணினா 26 சொட்டுலயே ஒரு கிராம். பாட்டில் வாயில இருக்கிற சொட்டு மூடியோட ஓட்டை பெருசு. வெட்டிவேர்த் தைலம் தேன் மாதிரி, ஒவ்வொரு சொட்டும் யோசிச்சு யோசிச்சு விழுது, எண்ணிட்டிருக்கும்போதே பால் பொங்கிடுச்சு.

பாம்ல ரெண்டு சதவீதம் தைலம்னா, 100 கிராம் எண்ணெய்-மெழுகுக் கலவைக்கு ரெண்டு கிராம். இப்படி எடையில போட்டா எந்தப் பாட்டில், எந்த ஓட்டைன்னு கவலையே இல்ல. என் பழைய குறிப்புல "40 சொட்டு"ன்னு எழுதியிருந்தேன், அது என் மூடியில 1.2 கிராம்தான். ரெண்டு வருஷமா வலி போகலைன்னு சொன்ன ஒரு பாட்டிக்கு நான் என்ன பதில் சொல்றது.

கிராம்புக்கு இந்த ரெண்டு சதவீதத்தை வெக்காதீங்க, தோல் எரியும். அரை சதவீதத்தோட நிறுத்திக்கங்க. குழந்தைங்க கைக்கு எந்தத் தைலமும் எட்டக்கூடாது, நீலகிரித் தைலம் வாயில போனா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

பிப்ரவரி 27

"கடைக்காரர்தான் எப்பவும் சரியா?"ன்னு ஒரு குத்தல். இல்ல. ஒரு தடவை நான் சரி.

ஆன்லைன்ல 15 மி.லி. லாவெண்டர். 15-ஐ 0.885 ஆல பெருக்கினா 13.3 கிராம் இருக்கணும். முழு பாட்டிலை நிறுத்து, தைலத்தை வேற பாட்டிலுக்கு மாத்தி, காலி பாட்டிலை நிறுத்துக் கழிச்சேன். 11.2 கிராம். அதாவது 12.7 மி.லி. உடனே புகார் எழுதிட்டேன்.

எழுதின பிறகுதான் தோணுச்சு, காலி பாட்டில்ல ஒட்டிக்கிட்டிருந்ததை நான் கணக்குல எடுக்கல. பாட்டிலைக் கவுத்து வெச்சு மறுநாள் நிறுத்தா 0.25 கிராம் குறைஞ்சிருந்துச்சு. அதையும் சேர்த்தா 12.9 மி.லி. புகாரைத் திருத்தி அனுப்பினேன். பொட்டலப் பொருள் விதியில 50 மி.லி. வரைக்கும் 9 சதவீதம் வித்தியாசம் பொறுத்துக்குவாங்க, 15 மி.லி.க்கு 1.35. இங்க குறைஞ்சது ரெண்டு. அவங்க முதல்ல "பாட்டில் உயரத்தைப் பாருங்க, நிறைஞ்சுதானே இருக்கு"ன்னாங்க. கனமான கண்ணாடி, அடி ஒரு விரல் மொத்தம், நிறைஞ்சுதான் இருக்கும். மூணு மெயிலுக்கு அப்புறம் வேற பாட்டில் வந்துச்சு. அதுல 13.4 கிராம்.

மார்ச் 3

முதல்ல கேள்வி கேட்டவர் வந்து எழுதியிருக்கார். நான் தலைகீழா எழுதின அன்னைக்கு ராத்திரியே 240 கொடுத்து வாங்கிட்டாராம். ஒரு பாட்டில்தான், விடுங்கக்கான்னு பெருந்தன்மை. 13 ரூபாய் நான் பாக்கி.

மார்ச் 10

நேத்து அந்தப் பழைய கடைக்குப் போனேன், ரெண்டு சண்டை போட்ட கடை. கல்லாவுக்கு மேல அட்டையில மார்க்கர்ல எழுதி ஒட்டியிருக்கார்: "நீலகிரித் தைலம் 100 மி.லி. = 91 கிராம். தராசோடு வர வேண்டாம்."

யாருக்காகங்கன்னு கேட்டேன். "பொதுவாத்தானுங்க அம்மணி"ன்னார், என் முகத்தைப் பார்க்காம.

அட்டையில விண்டர்கிரீனைப் பத்தி ஒண்ணும் இல்ல. சொல்லலாமான்னு நெனச்சேன், 200 கிராம் கிராம்புத் தைலம் மட்டும் வாங்கிட்டு வந்துட்டேன். 190 மி.லி.